கசிவு

இருபத்தெட்டு வருசமாகத் திருக்கடலூர்க் கரையில்
வள்ளத்து எஞ்சின்களைத் திறந்து பூட்டுகிறேன்.
எண்ணெய் கசிந்தால் முதலில் துடை.
பிறகு காத்திரு. பிறகு பார்,
எங்கிருந்து வருகிறதென்று.
துடைக்காமல் தேடியவன் எவனும் கண்டுபிடித்ததில்லை.

கண்டியில் என் நெஞ்சைத் திறந்து
பழுதான வால்வைக் கழற்றிப் புதிதைப் பூட்டியவர்களும்
இப்படித்தான் துடைத்துத் துடைத்துக் காத்திருந்திருப்பார்கள்.

கண் விழித்தபோது கட்டிலின் கீழே ஒரு போத்தல்.
விலாவிலிருந்து இரண்டு குழாய்கள் அதற்குள் இறங்கின.
வாயிலும் குழாய், கேட்க வழியில்லை.
மிஸி மணிக்கொருதரம் குனிந்து
போத்தலின் மேல் பேனையால் கோடு கீறினாள்,
பக்கத்தில் நேரம்.

பத்து மணிக் கோட்டுக்கும் பதினொரு மணிக் கோட்டுக்கும் நடுவே
நான்கு விரல் அகலச் சிவப்பு.
அவள் யாருக்கோ போன் எடுத்தாள்.
சிங்களம் விளங்கவில்லை, குரல் விளங்கியது.
போன வள்ளம் திரும்பாத இரவில்
கரையில் யாரும் உரத்துக் கதைப்பதில்லை.

மஞ்சளாய் ஒரு பை வந்தது. இன்னொன்று.
முகம் தெரியாத ஆரோ ஆறு பேர்
சொட்டுச் சொட்டாய் எனக்குள் ஏற,
நான் சொட்டுச் சொட்டாய்ப் போத்தலுக்குள் இறங்கினேன்.
சூடான காற்று ஊதும் போர்வை ஒன்றும் போர்த்தினார்கள்.
உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறையாதாம்.
எனக்கது புதினம்:
குளிரில் எண்ணெய் தடிக்கும்,
இரத்தமோ தன் வேலையை மறந்துவிடும்.

பன்னிரண்டு, மூன்று விரல்.
ஒன்று, ஒன்றரை.
இரண்டு மணிக் கோடு
முந்தைய கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது.
"ஐயா, நல்லம்" என்றாள்,
தனக்குத் தெரிந்த இரண்டே தமிழ்ச் சொற்களில்.

இப்போது திருகோணமலையில்
என் போத்தலுக்கு நானே மிஸி.
அன்றிரவு உறை, உறை என்று கெஞ்சிய இரத்தத்தை
இன்று உறையாதே என்று
மாத்திரை போட்டு மிரட்டுகிறேன்.
உறைந்தால் வால்வு இறுகும்.
மிஞ்சி இளகினால் பல்லீறும் ஒழுகும், மூளையும் ஒழுகும்.
இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே
இலக்கம் நிற்கவேண்டும் என்று கிளினிக் கொப்பி சொல்கிறது.
துறைமுக வாயில் கப்பலுக்குப் போட்ட
இரண்டு மிதவைகள் போல.

பிளேட்டை வீட்டிலிருந்து நாடு கடத்தினாள் லூர்தம்மா.
கெளிறு வெட்ட என்னை விடமாட்டாள்.
முழங்கால் நோவுக்குக் குளிசை கேட்டால்
மருந்துக்கடை நியாஸ், காசை நீட்டினாலும்
கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான்.
கீரையை விடச் சொல்லவில்லை,
கிழமைக்குக் கிழமை அளவு மாறாதே என்றார்கள்.
இரவில் நெஞ்சுக்குள் டிக் டிக்.
லூர்தம்மா முதல் மாதம் தூங்கவில்லை,
இப்போது நான் வேறு அறையில் படுத்தால் தூங்குவதில்லை.

போன செவ்வாய் சாவி வழுக்கி
காற்றாடி விளிம்பு இடது பெருவிரலைத் திறந்தது.
சின்ன வெட்டு. பழைய நானென்றால்
சாரத்தில் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.
அது நிற்கவில்லை. மணலில் ஒழுகி,
மணல் குடித்து, இன்னும் கேட்டது.

ஓடிவந்தவன் அந்தோனிராசா.
மூன்று மாதமாய் என்னைக் கண்டால்
வேறு ஒழுங்கையால் போகிறவன்.
சுத்தமான துணி கேட்டேன், தந்தான்.
அமத்து என்றேன். அமத்தினான்.
நின்றதோ என்று தூக்கித் தூக்கிப் பாராதே,
பார்த்தால் திரும்பத் திறக்கும்.
கையை உயர்த்திப் பிடித்தபடி, இரண்டு கிழடுகள்,
கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் குந்தி
கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பத்து நிமிடம். பதினைந்து.
விட்டுவிட்டு ஓட அவனுக்கு வழியில்லை,
கேட்க எனக்கு மனமில்லை.
இருபதாவது நிமிடம் அவனாகவே சொன்னான்:
"சனிக்கிழமை தாறன்."

அன்றிரவு கொப்பியில் எழுதினேன்,
அடுத்த கிளினிக்கில் காட்ட:
செவ்வாய், இடது பெருவிரல், இருபத்தைந்து நிமிடம், நின்றது.
கீழே சின்ன எழுத்தில்:
பதினாலாயிரம், சனி.